தலையில் அடித்த சத்தியம்

கல்யாண வீட்டில் யாராவது பெரியவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வந்தால், நான் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிடுவேன். "என்ன மரியாதை, என்ன பணிவு!" என்று புகழ்ந்தவர்கள் உண்டு. பணிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கை தலைக்கு வருவதற்குள் தப்பித்துக்கொள்ள அதுதான் சுருக்கு வழி. இப்போது நானே ஆசீர்வதிக்கிற வயதுக்கு வந்துவிட்டேன். என் தலைக்குக் கை நீட்ட ஆள் மிச்சமில்லை. அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

நம் வயதுக்காரிகள் நாலு பேர் சேர்ந்தால் தோட்டத்துக் காலத்தைப் பற்றிப் பேசாமல் எழுந்திருப்பதில்லை. அந்தக் காற்று, அந்தத் தண்ணீர், அந்த ஒற்றுமை என்று பேசிப் பேசியே பூசி மெழுகிவிடுகிறோம். நானும் கூட உட்கார்ந்து ஆமாம் போட்டிருக்கிறேன். இன்றைக்குப் போடப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

எங்கள் தோட்டம் மலாயாவில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து செம்மண் சடக்குப் பாதையில் ஆறு மைல் உள்ளே இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முந்தி. எனக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த நாலு வகுப்பையும் முடித்துவிட்டு, அம்மாவோடு வேலைக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வடிகிற பீங்கான் கோப்பைக்கு மங்கு என்று பேர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள். அப்பா வெட்டினால் பட்டை வெற்றிலை மாதிரி மெல்லிசாக வரும் என்று வேலையை மேற்பார்க்கிற தண்டல்களே சொல்வார்கள். குடிக்காத நாளில்.

அப்பா குடிப்பார் என்றதும் நீங்கள் அடி உதையை நினைப்பீர்கள். அப்பா எங்களை அடித்ததே இல்லை. குடித்தால் அழுவார். லயம் என்கிற வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பார். ஒரு தடவை பெரிய கங்காணி வீட்டு நாயிடம் கும்பிட்டு, "தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டமே சிரித்தது. அதற்குப் பிறகு பொடியன்கள் என்னைக் கண்டால் கைகூப்பி, "மனசுல வச்சுக்காதீங்க" என்பார்கள். அடிக்கிற அப்பாவாக இருந்தால் கோபமாவது படலாம். மன்னிப்புக் கேட்டு அழுகிற ஆளை என்ன செய்வது?

கள்ளுக்கடை பால் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. பால் ஊற்றி முடிந்த பிறகு கடைக்காரர் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்துவார். டொம், டொம் என்று அந்தச் சத்தம் எங்கள் லயம் வரைக்கும் வரும். மூன்றாவது பலகை விழுவதற்குள் எனக்கு வயிற்றைப் பிசையும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள்.

நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். வீட்டைக் கூட்டும்போது குப்பையை வலப்பக்கம் தள்ளினால் அப்பா அன்றைக்குக் குடிக்க மாட்டார். இடப்பக்கம் தள்ளினால் குடித்துவிடுவார். சிரிக்காதீர்கள், பதின்மூன்று வயதில் இதை நான் கோவில் பூசை மாதிரி நம்பினேன். வலப்பக்கமே தள்ளியும் அவர் தள்ளாடிக்கொண்டு வந்த நாட்களில், எங்கேயோ ஒரு துரும்பு இடப்பக்கம் போயிருக்கும், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். தப்பு அவர் பேரில் இருக்கலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பொய் சொல்ல நான் யோசிக்கவே மாட்டேன். அப்பா எங்கே என்று யார் கேட்டாலும் "காய்ச்சலுங்க, படுத்திருக்காரு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். யாரும் நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் "ஓ, அப்படியா" என்று சொல்லி உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு மனிதர்களின் முகம் அதிகமாக நினைவு வருவதில்லை, கால்கள்தான் வருகின்றன. பால் கறை பிடித்த கால்கள், அட்டை கடித்து ரத்தம் காய்ந்த கால்கள், கங்காணியின் செருப்புக் கால்.

பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டவள் ஒருத்திதான். அடுத்த லயத்தில் என் வயதில் ஒரு கூட்டாளி இருந்தாள். அவளும் எங்கள் வீட்டுக்குள் வர மாட்டாள். அவள் அம்மா விட மாட்டார். வெளியில் குழாயடியில் நின்று பேசுவோம்.

அந்த வருஷம் ரப்பர் இலை உதிர்கிற மாதத்தில் அப்பா ஒரே வாரத்தில் மூன்று நாள் பெரட்டுக்குப் போகவில்லை. விடிவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று பேர் சொல்கிற இடம்தான் பெரட்டு. அங்கே இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. மூன்றாம் நாள் பெரிய கங்காணி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா பேர அடிச்சிருவேன். துரைகிட்ட நான் என்னன்னு சொல்றது? லயத்தையும் காலி பண்ணிக்குங்க" என்றார்.

அம்மா அவர் காலில் விழுந்தாள். அவர் நல்லவர். அதுதான் வம்பு. கெட்டவராக இருந்திருந்தால் பேரை அடித்துவிட்டுப் போயிருப்பார். இவர் எங்களைக் கரையேற்ற வழி யோசித்தார்.

"வெள்ளிக்கிழமை இவன மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டு வா. சத்தியம் வாங்கிருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருட்டுவதற்கு முன்பே, நாங்கள் நாலு பேரும் குளித்துவிட்டுப் போனோம். கங்காணியும் பூசாரியும் தவிர வேலை முடிந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சாம்பிராணிப் புகையோடு ரப்பர் புகைக்கூண்டின் வாடையும் கலந்து வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டாமல் விட்டிருந்தார். அப்படி அவரைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"சூடத்த அணைச்சு சத்தியம் பண்றேங்க" என்றார் அப்பா.

"சூடம் அணைச்சவன் எத்தன பேரு மறுநாளே கடையில நின்னான், எனக்குத் தெரியாதா?" என்றார் கங்காணி. "புள்ள தலையில அடிச்சுப் பண்ணு. அப்பத்தான் பயம் இருக்கும்."

பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளை உயிருக்கு ஆகாது. இதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை. அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பூசாரி முதலில் என் தம்பியைத்தான் பார்த்தார். அவனுக்கு ஆறு வயது. அம்மாவின் முந்தானை நுனியைச் சப்பிக்கொண்டு நின்றான். அம்மா அவனை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஒத்த ஆம்பளப் புள்ளைங்க சாமி" என்றாள். பிறகு என் தோளில் கை வைத்து என்னை முன்னால் நகர்த்தினாள். பிடித்துத் தள்ளினாள் என்று சொல்ல மாட்டேன். மெதுவாகத்தான் நகர்த்தினாள். பானையை அடுப்புக்கு நகர்த்துகிற மாதிரி.

அப்பாவின் கை மூன்று தடவை என் தலையில் விழுந்தது. "மாரியாத்தா மேல ஆணை, எம்மவ தல மேல ஆணை, இனிமே தொட மாட்டேன்." அவர் கை சில்லென்று இருந்தது. பூசாரி எனக்கு மட்டும் திருநீறு அதிகமாகப் பூசினார்.

அதற்கு அப்புறம் வந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். அந்த மூன்று வாரம் நான் ராணி.

அப்பா ஒழுங்காகப் பெரட்டுக்குப் போனார். ராத்திரியில் வியர்த்துக் கொட்டும், சோறு இறங்காது, கோப்பிக் கோப்பையைப் பிடித்தால் கை ஆடும். ஆனால் கடைப்பக்கம் போகவில்லை. அம்மா எனக்கு முட்டை கொடுக்க ஆரம்பித்தாள். அதுவரை முட்டை தம்பிக்குத்தான். மழையில் நனைந்தால், "ஏ புள்ள, தலையத் தொவட்டு" என்று ஓடி வருவாள். குழாயடியில் பெண்கள், "பாத்துப் போ தாயி, பாசி வழுக்கும்" என்றார்கள். நேற்று வரைக்கும் சிரித்தவர்கள்! குடும்பமே என் தலையில்தான் நிற்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. கழுத்தை நிமிர்த்தி நடந்தேன். மனிதர்களுக்கு முகம் உண்டு என்று கண்டுகொண்டதே அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆறு மைல் நடந்து ரெங்கத்துக்குப் போய்ச் சீனன் கடையில் எனக்கு ஒரு பச்சைச் சீப்பு வாங்கி வந்தார். வெயிலில் பிடித்தால் அதன் பல் வழியாகப் பச்சை வெளிச்சம் கையில் விழும். அதுவரை வீட்டில் இருந்தது ஒரே ஒரு மரச் சீப்பு. பேன் சீப்பு என்றுதான் சொல்ல வேண்டும். "எங்க ஆத்தாவுக்கு" என்று அப்பா அதை என் கையில் கொடுத்தபோது அவர் வாயில் வெற்றிலை வாசனை மட்டும்தான் இருந்தது. குப்பையை எந்தப் பக்கம் தள்ளுகிறேன் என்று அந்த வாரம் நான் பார்க்கக்கூட இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் பகல். துணி துவைக்க ஆற்றுக்குப் போனேன். ஆற்றோரத்துத் தென்னைகளில்தான் தோட்டத்து மரமேறி கள் இறக்குவார். ஒரு மரத்துக்குப் பின்னால் அப்பா குந்தியிருந்தார். கையில் போத்தல். கடையில் வாங்கினால் ஊருக்குத் தெரியும் என்று மரமேறியிடம் கெஞ்சி வாங்கியிருப்பார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்தார்.

"ஒரு வாய்தான் ஆத்தா. கை நடுக்கம் நிக்கறதுக்கு. அம்மாட்ட சொல்லிராத" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. துணியைத் துவைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அந்தப் போத்தல். அப்பா போத்தலை எடுத்துக்கொண்டார். இவ்வளவுதான் நான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அம்மா தம்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டபோதே தெரிந்திருக்க வேண்டும், எனக்குத்தான் புத்தி லேட்டு என்று நினைத்தேன்.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் நான் சாகப் போகிறவள் ஆகிவிடுவேன். முட்டை போய்விடும், "பாத்துப் போ தாயி" போய்விடும், எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதைவிடச் சத்தமில்லாமல் செத்துப்போவது மேல் என்று தோன்றியது. அதனால் அப்பா குடித்ததை நானே மறைத்தேன். கொய்யா இலையைப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்து, "மென்னு துப்பிட்டு வாங்க, வாசன தெரியாது" என்பேன். "எங்க ஆத்தா" என்று அப்பா கண் கலங்குவார். அவர் சத்தியத்தை மறந்துவிட்டார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். மறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

சாவு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளை முறிந்தால் தூக்கிவாரிப் போடும். பாம்புச் சட்டையைக் கண்டால் அன்றைக்குத்தான் என்று முடிவு கட்டிவிடுவேன். படுத்தால் நெஞ்சு அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். நின்றுவிட்டால் தெரியுமா, தெரியாதா என்று அது வேறு கவலை. சோறு வாயில் வைத்தால் மண்ணாக இருந்தது. அம்மா, "முட்டை குடுத்தும் எளச்சுப் போறாளே" என்று அலுத்துக்கொண்டாள்.

கடைசியில் என் பொருள்களைப் பங்கு போட்டேன். பெரிய சொத்து! இரண்டு ரிப்பன், ஒரு பாசிமணி, பச்சைச் சீப்பு. குழாயடியில் கூட்டாளியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தேன்.

"எதுக்குடி குடுக்குற?" என்றாள்.

"எங்கப்பா சத்தியத்த மீறிட்டாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அலமாக்! அப்ப நீ எப்ப சாவ?"

"தெரியல."

"வலிக்குமா?"

"தெரியலடி."

அவள் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லவும் இல்லை. நல்ல பெண். அடுத்த வருஷம் அவர்கள் குடும்பம் கூலாய்ப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. சீப்பும் அவளோடு போனது. திருப்பிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை, திருப்பிக் கொடுக்க அவளுக்கும் தோன்றவில்லை. அந்த மாதிரிப் பச்சையில் இன்று வரைக்கும் நான் சீப்புப் பார்த்ததில்லை.

பிறகு நான் எதிர்பார்த்தது வந்தது. மங்கு துடைத்துக்கொண்டிருக்கும்போதே பல் கிட்டியது. வெயில் காய்கிறது, எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எட்டுக் கட்டில், தகரக் கூரை, லைசால் மருந்து வாடை. அங்கே வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மூக்குக் கண்ணாடி. அவர் பேசினால் பாதி எங்களுக்குப் புரியாது.

மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தபோது அவர் என் கட்டிலருகே வந்தார்.

"என்ன பிள்ளை, ஏன் அழுறாய்? கொயினா மருந்து கசக்குதோ?"

"நான் சாகப் போறேங்க ஐயா."

"ஆர் சொன்னது? இது குளிர் காய்ச்சல். நுளம்பு கடிச்சு வாறது." கொசுவைத்தான் அவர் நுளம்பு என்றார்.

"இல்லீங்க. அப்பா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. மீறிட்டாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சத்தியம் கடிச்சு ஒருத்தருக்கும் காய்ச்சல் வாறேல்லை, பிள்ளை. நுளம்புதான் கடிக்கும். நாலு நாளில எழும்பி ஓடுவாய், பார்."

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவர் இருந்த திசைக்குக் கும்பிடலாம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் பெரிய கங்காணியிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். தோட்டத்து ஜனங்களின் மூடநம்பிக்கையைப் பார்த்தீரா என்கிற அர்த்தத்தில் சொல்லியிருப்பார். கங்காணி காதில் விழுந்தது வேறு. அவன் குடித்திருக்கிறான்!

ராத்திரிக்குள் தோட்டம் பூராவும் பரவிவிட்டது. காலையில் அம்மா வந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"ஏன்டி மறச்ச? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு பரிகாரமாவது பண்ணியிருக்கலாமே. எல்லாரும் என்னையில்ல கேக்குறாங்க!"

அவள் அப்பாவைத் திட்டியது அப்புறம். முதல் கேள்வி எனக்குத்தான். ரொம்ப காலம் எனக்கு அதில் வருத்தம் உண்டு. இப்போது இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பாவம். விடிவதற்கு முன் மரம் வெட்டப் போய், வந்து சமைத்து, இந்த மனிதரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து போடுகிறவள். உனக்கு எப்படி இருக்கிறது என்று அவளிடம் யார் கேட்டார்கள்?

அப்பா உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஈரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். நான் திரும்பிக்கொண்டால் பார்ப்பார். நாலு நாளும் இப்படியே போயிற்று.

டிரெஸ்ஸர் சொன்னபடி எழுந்துவிட்டேன். முடிதான் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கோவில். இந்தத் தடவை அரைத் தோட்டம் கூடியிருந்தது. நான் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றேன்.

பெரிய கங்காணி பூசாரியிடம் சொன்னார். "பொட்டப் புள்ள தலதானேன்னு அவனுக்கு அலட்சியமாப் போச்சு. இந்தத் தடவ மகன் தலையில அடிக்கச் சொல்லுங்க. அப்புறம் தொடுறானான்னு பாப்போம்."

நான் ஐந்து அடி தள்ளி நிற்கிறேன். நான் அங்கே இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. கூட்டத்தில் நாலைந்து பேர், "அதுதான் சரி" என்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் தம்பியைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. மூக்கைச் சிந்தினாள். "எனக்கு வேற வழி தெரியலயே மாரியாத்தா" என்று சொல்லி அவன் கையை விட்டாள்.

தம்பிக்கு ஒரே குஷி. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று நெளிந்துகொண்டு வந்தான். என்னைக் கடக்கும்போது நின்று, "அக்கா, வலிக்குமா?" என்று கேட்டான்.

வலிக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். இந்தக் குழந்தை இனிமேல் ஒவ்வொரு நாளும் அப்பா எங்கே போகிறார் என்று பார்த்துக்கொண்டு, நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கப் போகிறது என்று நினைத்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்து என் போர்வைக்குள் போட்டுக்கொண்டேன்.

"தம்பி தலையில வேணாம்" என்றேன்.

"ஏ புள்ள, ஒடம்பு முடியாத நேரத்துல தள்ளி நில்லு" என்றார் கங்காணி.

"வேணாங்க. குடிக்கிறது யாரோ அவங்க தலையில அடிச்சுக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர், "என்ன வாய் பாரு!" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த வருஷத்தில் அவர் கண்ணை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்கப்பா."

அப்பா கையைத் தூக்கினார். தன் தலைக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே நின்றது அந்தக் கை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சூடம் எரிந்து தட்டில் கருப்பாகப் படிந்துகொண்டிருந்தது. பிறகு அவர் கையை இறக்கிவிட்டார்.

"முடியாது ஆத்தா" என்றார். "எந்தலையில அடிச்சா நான் நாளைக்கே போயிருவேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சில் உளியால் கீறியதுபோல் இருந்தது. அவர் தலை என்றால் பயம். என் தலை என்றால்? அதை நான் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அன்னைக்குத் தெரியாது" என்றார். கூட்டத்திடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். "நிறுத்திருவேன்னு நெனச்சுத்தான் உன் தலையத் தொட்டேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன். இப்பத்தான் தெரியுது. என்னால முடியல ஆத்தா. உன் தலையில அடிச்சாலும் முடியாது, தம்பி தலையில அடிச்சாலும் முடியாது. சாமியே வந்து நின்னாலும் முடியாது."

குடித்துவிட்டு அவர் கேட்ட மன்னிப்புகளை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். அவை எதுவும் எனக்கு எதுவும் செய்யவில்லை. குடிக்காமல் நின்று, தோட்டம் பூராவும் பார்க்க, முடியவில்லை என்று அவர் சொன்ன இது வேறாக இருந்தது. போத்தலையும் என்னையும் வைத்து அவர் பார்க்கவே இல்லை. பார்த்துத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் அந்த மனிதர் நிற்கவில்லை. இந்த வார்த்தைகள் இப்போது வருகின்றன. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மூச்சு விட முடிந்தது என்பது மட்டும்தான்.

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "இவன ஆண்டவனாலயும் திருத்த முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பேரை அடிக்கவில்லை. மரம் வெட்டுவதிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டார். லயம் அம்மா பேரில் எங்களுக்கே இருந்தது.

கூட்டம் கலைந்தது. அம்மா பூசாரியிடம் ஏதோ பேசிக்கொண்டு பின்தங்கினாள். நானும் தம்பியும் முன்னால் நடந்தோம். அப்பா எங்களோடு வந்தார். காய்ந்த ரப்பர் இலை காலுக்கடியில் நொறுங்கியது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"இத்தன நாளும் பயந்துகிட்டா கெடந்த?"

"ஆமாப்பா."

கங்காணி, பூசாரி, டிரெஸ்ஸர், அம்மா, குழாயடிப் பெண்கள் என்று அத்தனை பேர் என் தலையைப் பற்றிப் பேசினார்களே, பயமாக இருந்ததா என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பாதை பிரிகிற இடத்தில் நின்றார். ஒன்று லயத்துக்கு, ஒன்று பால் கொட்டகைப் பக்கம். எங்களைப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி நடந்தார். நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வலி வரவில்லை. அழுகை வந்தது, அதுவும் எனக்காக வரவில்லை. வேட்டி தரையில் புரள, தோள் ஒரு பக்கம் சரிய அவர் போவதைப் பார்த்து வந்தது.

"அப்பா எங்கக்கா போறாரு?" என்றான் தம்பி.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு யாரும் அவனுக்கு உண்மையான பதில் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"குடிக்கப் போறாரு" என்றேன். "நம்மாள நிறுத்த முடியாது. நீ வா, நாம வீட்டுக்குப் போவோம்."

"சரிக்கா" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.